ஷாக் மாற்றிய பிறகும் நிற்காத பின்பக்கச் சத்தம்

வாசகி கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறோம். எங்களுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான்கு மாதங்களாகப் பின்பக்கம் இடதுபுறத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். தெருவில் உள்ள சின்ன மேடுகளிலும் குழிகளிலும் மெதுவாக இறங்கும்போது கேட்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேகமாகப் போகும்போது கேட்பதில்லை. மாமியாரும் பிள்ளைகளும் பின்னால் உட்கார்ந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டிக்கியின் உள்பக்க பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, பின்பக்க ஷாக் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டையும் மாற்றினார்கள். 7,400 ரூபாய் ஆனது. பன்னிரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு முன்னைவிட அதிகமாகக் கேட்கிறது. வேறொரு இடத்தில் காட்டினோம். பின் ஆக்சிலையே (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சையே) மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்குச் செங்கம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போக வேண்டும். பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு இந்தக் காரில் போகலாமா? ஆக்சிலை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எவையும் ஆக்சிலைக் காட்டவில்லை. ஆகவே இப்போதைக்கு அந்த 38,000 ரூபாயைச் செலவு செய்ய வேண்டாம். ஊருக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில், கீழே நான் சொல்லப்போகும் மூன்று இடங்களைப் பார்த்துச் சரிசெய்த பிறகு போகலாம், அதற்கு முன் போக வேண்டாம் என்பதே. அந்தச் சோதனை அரை மணி நேரத்தில் முடியக்கூடியது. புதிய பாகம் எதுவும் வாங்காமலே செய்யக்கூடியது.

பின்பக்கத்தில் சத்தம் என்று வண்டி வந்தவுடன் ஷாக்கை மாற்றுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ஷாக் தேய்ந்தால் சத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கையால் தொட்டு உறுதிசெய்யாமல் பாகத்தை மாற்றினால், கழற்றி மாட்டியதில் எது தற்செயலாகச் சரியானது, எது புதிதாகக் கெட்டது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கார் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. அதிர்ஷ்டவசமாக, வண்டி எப்போது சத்தம் போடுகிறது, எப்போது போடுவதில்லை என்பதை நீங்கள் மிகக் கவனமாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே பாதி வழியைக் கடந்துவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தடயம், பின்னால் ஆட்கள் உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடுகிறது என்பது. முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாலேயே இருப்பதால், ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்பக்க ஸ்பிரிங்குகளின் மேல் பாரம் மிகக் குறைவு. அந்த நிலையில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலே சக்கரம் கீழே தொங்கும். அங்கே எந்தப் பாகத்திலாவது ஆட்டம் இருந்தால் அதன் இடைவெளி திறந்து, அடுத்த கணம் மூடும். அந்த மூடலைத்தான் நீங்கள் ‘டொக்’ என்று கேட்கிறீர்கள். மூன்று பேர் பின்னால் உட்கார்ந்தால் அந்தப் பாகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உட்கார்ந்துகொள்கின்றன. இடைவெளி திறப்பதற்கு வாய்ப்பில்லாமல் போகிறது. இதற்கு நேர்மாறாக, ஆள் ஏறினால்தான் சத்தம் வருகிறது என்றால், ஸ்பிரிங் தளர்ந்து, பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடலாம்.

மேம்பாலத்தில் வேகமாகப் போகும்போது சத்தம் இல்லை என்பதை மட்டும் அதே அளவுக்கு நம்ப வேண்டாம். வேகத்தில் டயரின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் சேர்ந்து இத்தகைய சத்தத்தை மூடிவிடும். அந்தப் பாலத்தில் இணைப்புப் பட்டைகளைக் கடக்கும்போது முன்சக்கரத்துக்கு ஒன்றும் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக ‘தட் தட்’ என்று கேட்பது எல்லா வண்டிக்கும் உரியது. அதைப் பழுது என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த தடயம் அந்தப் பன்னிரண்டு நாள். ஷாக்கை மாற்றுவதற்காக உங்கள் வண்டியில் என்னென்ன செய்திருப்பார்கள் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். பின் சீட்டின் முதுகை மடித்திருப்பார்கள். டிக்கியின் உறையைக் கழற்றியிருப்பார்கள். ஷாக்கின் மேல் நட்டைத் திறந்திருப்பார்கள். வண்டியைத் தூக்கிக் கீழ் போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். இவை எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது சத்தம் நின்றது. சில நாள் ஓடி, ஏதோ ஒன்று தன் இடத்தில் அமர்ந்தோ தளர்ந்தோ போன பிறகு சத்தம் திரும்பியது, அதுவும் கூடுதலாக. ஆக, அன்று கை பட்ட இடங்களில்தான் இன்றும் தேட வேண்டும். ஷாக் வேலையின்போது ஆக்சிலைத் தாங்கும் புஷ் என்ற ரப்பர் பிடிமானங்களில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். புஷ் கெட்டுப்போனதுதான் காரணம் என்றால் அந்தப் பன்னிரண்டு நாளும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

தேடுவதற்கு முன் டிக்கியை முழுவதும் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் பை, பார்சல் தட்டு, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் பந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தனியாகப் பட்டறை வைத்த முதல் வருடத்தில், அல்சூரிலிருந்து வந்த ஒரு பெரியவரின் காருக்குச் சத்தம் நிற்பதற்காகப் பின்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு இரண்டு சுற்றுத் தளர்ந்து, அது கிண்ணத்துக்குள் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அவர் கொடுத்த பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன்; ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்ந்த அவர், அந்தப் பணத்தைப் புரட்டுவதற்கு எத்தனை நாள் காத்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு டிக்கியைக் காலி செய்யாமல் பின்பக்கச் சத்தத்தைப் பற்றி யாரிடமும் நான் ஒரு முடிவும் சொன்னதில்லை.

டிக்கி காலியான பிறகும் சத்தம் கேட்டால், முதலில் பின் சீட்டின் முதுகைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் கொக்கி, வண்டியின் உடலில் உள்ள தடித்த கம்பி வளையத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். முழுவதும் பூட்டாமல் பாதியில் நின்றாலோ, வளையத்தின் மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, சின்ன அதிர்விலும் இரும்பும் இரும்பும் இடித்து, சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து வருவதைப் போலவே ‘டொக்’ என்று கேட்கும். ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் கொக்கி இறுகி, சத்தம் நின்றுவிடும். உங்கள் வண்டியின் நடத்தையோடு இது அப்படியே பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். சீட்டின் முதுகை மடித்துப் போட்டுவிட்டு உங்கள் தெருவில் ஒரு முறை ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பழுது கொக்கியில்தான். வளையத்தின் மேல் துணி நாடாவைச் சுற்றி, கொக்கி ‘கிளிக்’ என்று முழுவதும் விழும்படி அழுத்திப் பூட்டினால் போதும். பூட்டவே மறுத்தால், உறையைத் திரும்ப மாட்டும்போது வளையம் இடம் பெயர்ந்திருக்கும். அதன் திருகுகளைத் தளர்த்திச் சரியான இடத்தில் வைத்து இறுக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. விபத்து நேரத்தில் டிக்கியில் உள்ள சுமை பிள்ளைகளின் முதுகில் வந்து விழாமல் தடுப்பது அந்தக் கொக்கிதான்.

மடித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஷாக்கின் மேல் பிடிமானத்துக்குப் போக வேண்டும். என் கணிப்பில் உங்கள் வண்டியின் பழுது இங்கே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஷாக்கின் தண்டு வண்டியின் தகட்டைத் துளைத்து மேலே வரும். தகட்டுக்குக் கீழே ஒரு ரப்பர், மேலே ஒரு ரப்பர், அவற்றுக்கு வெளியே குழிவான வாஷர்கள், நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய், எல்லாவற்றுக்கும் மேலே நட் என்பது பல கார்களில் உள்ள அமைப்பு. அந்த நட் இறுகும்போது வாஷர்கள் இரண்டும் இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் போய் நிற்கும். அப்போது இரண்டு ரப்பர்களும் சரியான அளவுக்கு அமுங்கியிருக்க வேண்டும். பழைய ரப்பரையே திரும்பப் போட்டிருந்தால், அது ஒன்பது வருடம் அமுங்கித் தட்டையாகிப்போனது. நட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். ஸ்பேனரை வைத்துப் பார்ப்பவர் ‘நட் டைட்டாகத்தான் இருக்கிறது’ என்று மனப்பூர்வமாகச் சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். வாஷர் தலைகீழாக மாட்டப்பட்டாலும், குழாயை மாட்ட மறந்தாலும் இதே கதிதான். புதிதாக மாட்டிய ஒரு வாரத்துக்கு ரப்பர் கொஞ்சம் விறைப்பாக இருந்து சத்தத்தை அடக்கும், பிறகு அமுங்கி விட்டுவிடும். உங்கள் பன்னிரண்டு நாள் கணக்குக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் காதைவிட விரல் நல்லது. காரின் உடல் முழுவதும் ஒரே இரும்புக் கூடு என்பதால் சத்தம் அதில் ஓடி, இடதில் பிறந்தது வலதில் கேட்பதும் உண்டு. டிக்கியின் உறையைக் கழற்றி, ஷாக்கின் மேல் முனையில் வாஷரும் தகடும் சேரும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் வெளியே நின்று காரின் பின் மூலையை அழுத்தி அழுத்தி விடட்டும். ஆட்டம் இருந்தால், காதுக்குச் சத்தம் எட்டாத நிலையிலும் விரலுக்கு ஒரு சின்னத் தட்டல் தெரியும். வலப்பக்கத்திலும் இதையே செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பழுது இதுதான் என்றால் வாங்க வேண்டியது ரப்பர், வாஷர், நட் அடங்கிய மவுண்டிங் கிட் மட்டுமே. ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் வாங்குபவராக இருந்தால், உங்கள் வண்டியின் மாடலையும் தயாரிப்பு வருடத்தையும் சொல்லி, கழற்றிய பழைய ரப்பரையும் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டை ஒரு முறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். பழைய வளையம் திரும்பப் பிடிக்காது.

மேல் பிடிமானம் சரியாக இருந்தால், பார்க்க வேண்டியது ஷாக்கின் கீழ் போல்ட். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் செய்யும் ஒரு தவற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷாக்கின் கீழ் முனையில் போல்ட் நுழையும் காதில் உள்ள புஷ் என்பது, வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியவுடன் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்வது ரப்பர் மட்டுமே. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும், நின்றுகொண்டிருக்கும்போதுகூட அது முறுக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கிக்கொண்டு, வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டைக் கையால் மாட்டி விட்டு, வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்கி, அல்லது ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டி தரையில் நிற்கும் அளவுக்குத் தூக்கிய பிறகுதான், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரில்) கொடுக்க வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னில் ‘டர்’ என்று ஓடவிட்டு நிறுத்துவது அளவாகாது. போதாமல் இறுக்கினாலும் கேடுதான். உள்குழாய் பிடிபடாமல், போல்ட்டின் மேல் உருண்டு உருண்டு துளையைப் பெரிதாக்கிவிடும். அப்போது வருவதும் இதே ‘டொக்’தான்.

புதிய ஷாக்கே சத்தம் போட வாய்ப்பில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. இரட்டைக் குழாய் ஷாக்குகள் கடையில் படுக்கைவாட்டில் கிடக்கும்போது உள்ளறையில் காற்று புகுந்துவிடும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து, ஐந்தாறு முறை முழுவதும் இழுத்து அமுக்கி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் முதல் சில நாள் ‘டக் டக்’ என்று தட்டும். உங்கள் வண்டியில் முதல் பன்னிரண்டு நாள்தான் அமைதியாக இருந்தது என்பதால் இது காரணமல்ல. ஆனால் மேல் நட்டை இறுக்கும்போது தண்டு கூடவே சுழலாமல் இருக்க அதைக் கட்டிங் பிளையரால் பிடித்திருந்தால், பளபளப்பான தண்டில் கீறல் விழுந்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற வளையத்தை அறுத்துவிடும். ஷாக்கின் உடலில் தூசி படிந்த மெல்லிய ஈரம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து சொட்டினால், ரசீதைக் காட்டி உத்தரவாதத்தில் வேறு ஷாக் கேளுங்கள்.

இனி ஆக்சில். உங்கள் காரைப் போன்ற ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் பின்னால் இருப்பது டார்ஷன் பீம் என்ற அமைப்பு. 1974-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற கார்களின் வழியாக இது உலகெங்கும் பரவியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை, அவற்றை இணைத்துக் குறுக்கே ஒரு திறந்த எஃகு உத்தரம், முன்முனைகள் இரண்டிலும் ஒவ்வொரு பெரிய ரப்பர் புஷ். அவ்வளவுதான். சுழலும் பாகமோ தேயும் மூட்டோ இல்லாத கனத்த எஃகுத் துண்டு அது. பெரிய விபத்தில் வளைந்தாலோ, வெல்டிங் விரிசல் விட்டாலோ, துருப்பிடித்து அரித்துப்போனாலோதான் அதை மாற்ற வேண்டும். கடற்கரை ஊரில் ஓடாத பெங்களூரு வண்டி, ஒன்பது வருடத்தில் அந்த அளவுக்கு அரித்துப்போவது அரிது. தேயக்கூடியது அந்த இரண்டு புஷ்கள். பெரும்பாலான மாடல்களில் அவற்றைத் தனியாக அழுத்தி எடுத்துப் புதிதாகப் பொருத்த முடியும்.

புஷ் போயிருந்தால் சத்தம் வேறு விதமாக வரும். பிரேக்கை மிதிக்கும் கணத்திலோ, ரிவர்ஸில் வந்து முன்னோக்கி எடுக்கும் கணத்திலோ ஒற்றை ‘டங்’ கேட்கும். வளைவில் பின்பக்கம் தானாகக் கொஞ்சம் திரும்புவதைப் போல இருக்கும். பின் டயர் ஒரு பக்கமாகத் தேயும். இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. ஆக்சிலை மாற்றச் சொன்னவர் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம், ஆகவே அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ‘புஷ்ஷில் உள்ள ஆட்டத்தை லிவர் கொடுத்து எனக்குக் காட்டுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். வண்டியைத் தூக்கி, பீமுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நீண்ட லிவரைக் கொடுத்து நெம்பினால், கிழிந்த புஷ்ஷில் ரப்பர் பிரிந்து பீம் துள்ளுவது உங்கள் கண்ணுக்கே தெரியும். நல்ல புஷ் கொஞ்சம் நெளிந்து அப்படியே திரும்பி வரும். மேலோட்டமான வெடிப்புகள் ஒன்பது வருட ரப்பரில் இருப்பது இயல்பு. அவற்றைக் காட்டி மட்டும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வண்டியைத் தூக்கியிருக்கும்போதே வேறு சிலவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருக்கிறதா, அதன் அடியிலும் மேலேயும் உள்ள ரப்பர் தட்டு இடம் மாறாமல் இருக்கிறதா, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் அறுந்து குழாய் எங்காவது இடிக்கிறதா, ஹேண்ட் பிரேக் கேபிளின் கிளிப் கழன்றிருக்கிறதா என்பவை ஒரு பார்வையில் முடிந்துவிடும். சைலன்சரைச் சூடாக இருக்கும்போது தொட வேண்டாம். பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் பிரேக் ஷூ ஆடுகிறதா என்று அறிய, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை ஓரிரு ‘கிளிக்’ மட்டும் தூக்கி அதே மேட்டைக் கடந்து பாருங்கள். சத்தம் மாறினால் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைக்கு ரிங் ரோடு உதவாது. நெரிசலால் அங்கே ஒரே வேகத்தில் ஒரே மேட்டைத் திரும்பத் திரும்பக் கடக்க முடியாது. உங்கள் தெருவிலேயே, சத்தம் தவறாமல் வரும் ஒரு வேகத்தடையைத் தேர்ந்தெடுங்கள். நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு உரிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவும் கொண்டதாக இருக்க வேண்டியிருந்தது. நம் குடியிருப்புத் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் ஓரிரு அடி அகலத்தில் செங்குத்தாக எழும்பியவை. அதில் ஏறிய சக்கரம் வழுக்கி இறங்குவதில்லை, விழுகிறது. அப்போது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்பதால், இப்படிப்பட்ட தெருக்களில் ஓடும் வண்டிகளின் பின்பக்கப் பிடிமானங்கள் சீக்கிரமே தளர்ந்துபோகின்றன. மக்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதற்காகப் போடும் மேடு, முறைப்படி போடப்படாததால் வண்டிகளையும் முதுகெலும்புகளையும் கெடுப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வண்டியை மணிக்கு 10 கி.மீ. அளவில் வைத்து, இடச்சக்கரங்கள் மட்டும் மேட்டின் மேல் ஏறும்படி ஒரு முறையும், வலச்சக்கரங்கள் மட்டும் ஏறும்படி ஒரு முறையும் கடந்து பாருங்கள். ஓட்டுவது ஒருவர், கவனிப்பது மற்றொருவர் என்று இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, சத்தம் சக்கரம் மேலேறும்போது வருகிறதா, மேட்டைத் தாண்டிக் கீழே விழும்போது வருகிறதா என்பது. ஏறும்போது வந்தால் மேல் பிடிமானத்தின் கீழ் ரப்பரையோ பம்ப் ஸ்டாப்பரையோ சந்தேகிக்கலாம். விழும்போது வந்தால் மேல் ரப்பர், கீழ் போல்ட், ஸ்பிரிங்கின் இருக்கை ஆகியவற்றை. கவனிப்பவர் முன் சீட்டில் உட்காரட்டும். பின்னால் உட்கார்ந்தால் அவருடைய பாரமே சத்தத்தை நிறுத்திவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ஜாப் கார்டில் ‘ரியர் நாய்ஸ்’ என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். ‘பின் இடது, காலி வண்டி, 10 கி.மீ. வேகம், மேட்டில் இறங்கும்போது, ஆள் ஏறினால் இல்லை, ஷாக் மாற்றிய பன்னிரண்டாம் நாளிலிருந்து’ என்று எழுதச் சொல்லி, நீங்களே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மேட்டுக்கு ஒரு டிரையல் கூட்டிப்போங்கள். ஷாக் மாற்றிய அதே ஒர்க்‌ஷாப்புக்கே முதலில் போவது நல்லது. அவர்கள் மாட்டியதைச் சரிபார்ப்பது அவர்கள் பொறுப்பு, பெரும்பாலானவர்கள் அதற்குக் கூலி கேட்பதில்லை. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய ஒன்று, டயர்களில் ஒரே அளவு காற்றை நிரப்பி, சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளப்பது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கை மெக்கானிக்கிடம் காட்டாமல் புறப்பட வேண்டாம். அதைப் போலவே, டயரின் உள்பக்கம் எதிலோ உரசிய தடம், ஷாக்கிலிருந்து எண்ணெய்ச் சொட்டு, திருப்பத்தில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும் உணர்வு, நாளுக்கு நாள் சத்தம் கூடுவது, இவற்றில் எது இருந்தாலும் ஓசூர் ரோட்டில் ஏறாதீர்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் செங்கத்துக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். கீழ் போல்ட் வழியில் கழன்றுவிட்டால் ஷாக் தொங்கி, பிரேக் குழாயையோ டயரையோ கிழித்துவிடக்கூடும். பிள்ளைகள் உட்காரும் வண்டி என்பதால்தான், சத்தம் சின்னதாக இருந்தாலும் போல்ட்டுகளைப் பார்க்காமல் போக வேண்டாம் என்று மேலே சொன்னேன். பார்த்து, சரியான முறையில் இறுக்கி, இரண்டு மூன்று நாள் நகருக்குள் ஓட்டியும் சத்தம் திரும்பவில்லை என்றால் தயக்கமில்லாமல் போய் வாருங்கள்.

இறுக்கிய அன்றே, ஷாக்கின் மேல் நட்டிலிருந்து தண்டின் மேலும், கீழ் போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட்டின் மேலுமாக, வீட்டில் இருக்கும் நகப்பூச்சால் ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகாமல் நேராக இருந்தால் எதுவும் தளரவில்லை. விலகியிருந்தால் செங்கத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.